கழிக்காத ஒரு மீட்டர்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. அன்று வெயிலா மூட்டமா, அவர் தங்கை கொண்டு வந்தது சொம்பா டம்ளரா என்று யாராவது குறுக்கே கேட்டால் விழிப்பேன். எண்களில் மட்டும் எனக்குச் சந்தேகம் கிடையாது. அவை பென்சிலால் எழுதப்பட்டவை. பென்சில் எழுத்து மழையில் நனைந்தாலும் கரையாது என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

அவர் சர்வேயர். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'அரை சென்டி' என்று பெயர். அரை சென்டிமீட்டர் இடித்தால்கூட அவருக்குச் சாப்பாடு இறங்காது. யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் மாட்டிய படம் சாய்ந்திருந்தால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோய் நிமிர்த்துவார். அளக்கப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். அளவுப் புத்தகத்தில் ரப்பர் படக்கூடாது. தப்பாகிவிட்டால் ஒரே கோடு அடித்து, மேலே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். எதையும் இரண்டு தரம் அளக்கவேண்டும், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று.

"பொண்ணு பாக்கவே ரெண்டு தரம் போனவரு சார் அவரு" என்பார் டேப் பிடிக்கும் செயின்மேன். "போகும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணு."

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரும்பு டேப்பின் நுனி இழுத்து இழுத்துத் தேய்ந்துபோகும், வளையம் ஆடும். அந்தப் பூஜ்யத்தை நம்ப முடியாது. அதனால் ஒரு மீட்டர் கோட்டை எல்லைக்கல்லின் மேல் வைத்து, "ஒண்ணு!" என்று செயின்மேன் கத்துவார். மறுமுனையில் இவர் அளவைப் படித்து, அதில் ஒன்றைக் கழித்து எழுதிக்கொள்வார். முப்பது வருஷமாக அந்தக் குரலும் அந்தக் கழித்தலும் மூச்சு விடுவதுபோல நடந்துகொண்டிருந்தன.

அவருக்கு ஒரே தங்கை. தையல்காரி. அவள் புருஷன் கொத்தனார். தன் கையாலேயே வீட்டைக் கட்டி, பக்கத்தில் இரண்டு மீட்டர் அகலத்தில் அவளுக்கென்று ஒரு தையல் அறையும் எழுப்பிக் கொடுத்தவர். அறை முடிந்த மூன்றாம் வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போனபிறகு பக்கத்து மனையை ஒரு பல் டாக்டர் வாங்கினார். தையல் அறையின் சுவர் தன் இடத்துக்குள் வந்திருப்பதாகச் சந்தேகப்பட்டார்.

"உங்க அண்ணனே அளக்கட்டும்மா" என்றார் டாக்டர். "அரை சென்டி அளந்தா நான் மறுபேச்சு பேசமாட்டேன்."

அது சர்வேயர் காதுக்கு வந்தது. கேட்டவுடன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதை அவர் பிறகு ஒருமுறை ஒப்புக்கொண்டார்.

தங்கையின் மனை பத்து மீட்டர் அகலம். வீட்டுக்கு மறுபக்கம், சந்தை ஒட்டிய எல்லைக்கல்லில் செயின்மேன் குந்தினார். சர்வேயர் டேப்பை இழுத்துக்கொண்டு தையல் அறைச் சுவரின் வெளிப்புறத்துக்கு வந்தார். அதே நேரம் தங்கை தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"வெறும் தண்ணிதான் அண்ணா. முகமெல்லாம் எப்படி வேர்த்திருக்கு பாரு."

"வேலை நடக்கறப்ப வேண்டாம்னு உனக்குத் தெரியாதா பாப்பா? டாக்டர் பாத்துக்கிட்டிருக்காரு."

செயின்மேன் "ஒண்ணு!" என்று கத்தினார். அது சர்வேயர் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. 10.94 என்று எழுதினார். பத்தைத் தாண்டித் தொண்ணூற்று நாலு சென்டி.

வழக்கப்படி எதிர்முனையிலிருந்து இன்னொரு தரம் அளக்கவேண்டும். டேப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். டாக்டர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது திரும்ப அளந்தால், தங்கைக்காக அளவைக் குறைக்கப் பார்க்கிறான் என்று அந்த மனிதர் நினைப்பார்.

"போதும்" என்றார். பத்து என்று டேப் காட்டிய இடத்தில் தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டுவிட்டு, "சுத்திடு" என்றார்.

தங்கைக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது. "அண்ணா, அவரு ஆறு சென்டி உள்ள தள்ளிக் கட்டினாருண்ணா. நாளைக்கு எவனும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லிக் கட்டினாரு. நூலோட இன்னொரு முனைய நான்தான் புடிச்சிருந்தேன்."

"டேப்புக்கு அண்ணன் தங்கச்சி தெரியாதும்மா. மச்சான் தப்பா கட்டிட்டாரு."

அவள் கையிலிருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

சுவரை இடித்து உள்ளே தள்ளிக் கட்டினார்கள். இரண்டு மீட்டர் அறை ஒரு மீட்டர் ஆறு சென்டி ஆயிற்று. மிஷினை வைத்தால் நாற்காலிக்கு இடமில்லை. தைக்கக் கொடுத்தவர்கள் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வது நின்றது. சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. இவர் போகவில்லை, அவள் வரவில்லை. உண்மையில் அவள் ஒரு தரம் வந்தாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

பதினோரு வருஷம் கழித்து, ஓய்வு பெறும் மாதத்தில், பழைய அளவுப் புத்தகங்களைப் பதிவறையில் ஒப்படைக்கப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் வந்தது. எல்லா அளவுக்கும் கீழே 'ஒன்று கழித்தது' என்று சின்னதாக எழுதி, மிச்சத்தைக் குறித்திருந்தார். ஒரு வரியில் மட்டும் 10.94 என்று மொட்டையாக நின்றது. பென்சிலை எடுத்து ஒன்றைக் கழித்தார். 9.94. பத்துக்கு ஆறு சென்டி குறைவு.

எதிர் மேஜைக் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். "என்ன சார், மயக்கமா வருதா?"

"இல்ல. கணக்கு சரியா வந்திருச்சு" என்றார் சர்வேயர்.

மறுநாள் காலை, புத்தகத்தையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு தனியாகத் தங்கை வீட்டுக்குப் போனார். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. சந்துக் கல்லின்மேல் டேப்பை வைத்து, அதன்மேல் செங்கல்லை வைத்து, புதுச் சுவர்வரை நடந்தார். பத்து. ஒன்று போனால் ஒன்பது. சுவர்ப்பக்கம் செங்கல்லை மாற்றி வைத்துக் கல்வரை நடந்தார். ஒன்பதுதான்.

நிமிர்ந்தபோது தங்கை வாசல்படியில் நின்றிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ரெண்டு தரம் அளந்துட்டியா?"

"ஒம்பது, பாப்பா."

"தெரியும்."

அவருக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள்: "நீ போன மறுநாளே அளந்தேன். என் டேப்பு ஒன்றரை மீட்டர். நீ போட்ட கோடுவரைக்கும் தரையில ஆறு தரம் போட்டேன். மிச்சமே இல்லாம ஒம்பது."

"ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேனே. உன் வீட்டு வாசல்ல அரை மணி நேரம் நின்னேன். வீட்டுல ஆபீஸ் விஷயம் பேசமாட்டாரு, மனு எழுதிக் குடுன்னு அண்ணி வந்து சொன்னாங்க. நீ உள்ளதான் இருந்த. இருமினியே."

அவருக்கு அந்த நாள் நினைவிருந்தது. வேண்டுமென்றேதான் எழுந்து வரவில்லை.

"மனு குடுத்திருக்கலாமேம்மா."

"ஏற்கெனவே அவரு பேரு கெட்டுப்போச்சு. உன் பேரும் கெடணுமா? எப்பவாவது நீயா வந்து இன்னொரு தரம் அளப்பேன்னு இருந்தேன். நீதான் எதையும் ரெண்டு தரம் அளக்கிறவனாச்சே." புதுச் சுவரைப் பார்த்தாள். "செவுரு போனா போகட்டும்ணா. அவரு தப்பா கட்டிட்டாருன்னு சொன்ன பாரு. எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்ல அவரு இல்லையே."

உள்ளே அழைத்துப்போனாள். தையல் மிஷின் சமையலறை மூலையில் இருந்தது, அதன்மேல் பழைய துணியை விரித்துப் பாத்திரங்களைக் கவிழ்த்திருந்தாள். அவர் அளவுப் புத்தகத்தைத் திறந்து, அவள் பார்க்க 10.94க்குக் குறுக்கே ஒரே கோடு அடித்தார். மேலே 9.94 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கோடு கொஞ்சம் கோணிவிட்டது.

அவள் அந்த எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். "ஆறு சென்டி" என்றாள். பிறகு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கி முழுவதும் குடித்தார்.

தவறு தன்னுடையது என்று சர்வேயர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தார். காலம் கடந்துவிட்டது, கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும் என்று பதில் வந்தது. டாக்டர் அதற்கு முன்பே இடத்தை விற்றுவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். புதிதாக வாங்கியவர் அங்கே கார் நிறுத்தக் கொட்டகை போட்டிருக்கிறார். கோர்ட் வேண்டாம் என்று தங்கை சொல்லிவிட்டாள். செயின்மேன் விஷயத்தைக் கேட்டு, "நான் கத்தினேனே சார்" என்று மட்டும் சொன்னார். அவரும் இப்போது வேலையில் இல்லை. தங்கை அடுத்த வருஷம் இறந்தாள். மிஷினைச் சர்வேயரின் மனைவி எடுத்து வந்தார், யாரும் அதில் தைப்பதில்லை. சர்வேயர் இருக்கிறார். சுவர் ஒன்பது மீட்டரில் நிற்கிறது.