பெருமுக்கல் மேகத்துக்குள்ளே

கெடாருக்குப் போகும் சாலையில் கார் திரும்பியதும் ஜெசிந்தாவுக்கு மனசு படபடத்தது. பெரிய ஜெட் விமானத்தின் கேப்டன் அவள். ஆனாலும் கோதண்டபாணியைப் பார்த்துப் பல வருஷமாகிவிட்டது.

இளவயதில் இருவரும் புதுச்சேரியில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தார்கள். ஒற்றை இன்ஜின் விமானத்தில் பறந்து நிலத்தைப் படம் பிடிக்கும் வேலை. இப்போது சென்னையில் கிளம்பினால் இறங்கும்வரை கண்ட்ரோலர் சொல்கிற உயரம், சொல்கிற திசை. இன்னொரு விமானம் கிட்டே வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பாடு. அன்றைக்கு இவர்கள் பறந்ததோ அதற்கெல்லாம் கீழே, கண்ட்ரோல் இல்லாத ஜி வகுப்பு வானத்தில். அங்கேயும் மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் போகலாம். ரேடியோவில் கேட்டால் தெரிந்த தகவலைச் சொல்வார்கள். விலக்கிவிட ஆள் கிடையாது. கிழக்கே போகிறவர் ஒற்றைப்படை ஆயிரம் அடியில், மேற்கே போகிறவர் இரட்டைப்படையில். வழியில் உள்ள உயரமான மலைக்கு மேல் ஆயிரம் அடி விட வேண்டும். மற்றதைப் பறப்பவர்களே பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

அது ஓர் ஐப்பசி மாதம். மரக்காணம் பக்கமிருந்து அவள் மேற்கே நாலாயிரம் அடியில் போய்க்கொண்டிருந்தாள். செஞ்சியிலிருந்து அவன் கிழக்கே ஐயாயிரத்தில் வந்துகொண்டிருந்தான். இருவரையும் மேகம் மூடிவிட்டது. இறக்கையின் நுனிகூடத் தெரியவில்லை.

"ஜெசி, என் ஹொரைசன் சாய்ஞ்சிக்கினே போவுது. எது நெசம்னு தெரியல. கீழ எறங்கி வெளிய வரணும்" என்றான் ரேடியோவில். விமானம் சாய்ந்திருக்கிறதா என்று காட்டும் கருவி அது. குரலில் பதற்றம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவன் இறங்க வேண்டுமென்றால் அவள் இருக்கும் உயரத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள். திண்டிவனம் தாண்டிவிட்டதாகச் சொன்னான். அவள் கணக்குப்படி அவளும் பெருமுக்கல் மலையை அப்போதுதான் தாண்டியிருந்தாள். நேருக்கு நேர் வருகிறார்கள்.

"இப்ப எறங்காத. நான் தெக்கால திரும்பி வெலகிப் போறேன். சொன்னப்புறம் எறங்கு. உன் முன்னால பெருமுக்கல் மல கீது. அதுக்கு மேல ஆயிரம் அடிய உட்டு ஒரு அடி கீழ வராத."

அவன் சரி என்றான். அவள் தெற்கே திரும்பினாள். போதுமான தூரம் வந்துவிட்டோம் என்று மனசுக்குப் பட்ட பிறகும் இன்னும் கொஞ்சம் போனாள். பிறகு இறங்கச் சொன்னாள். உயரத்தை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வரச் சொன்னாள். அவன் பேச்சு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. அவன் படித்துக்கொண்டே வந்தான். நடுவில் ஒருமுறை நின்றது.

"வயலு தெரியுது" என்றான்.

தரையிறங்கியபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. மழையில் நனைந்ததாகச் சொன்னான். மழை இன்னும் பெய்யவே இல்லை என்றாள் அவள். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். மறுநாளும் பறந்தார்கள். பிற்பாடு அவன் காதில் கோளாறு வந்தது. மருத்துவப் பரிசோதனையில் தேறவில்லை. லைசென்ஸ் போய், ஊரோடு வந்துவிட்டான். அவள் ஜெட் ஓட்டப் போனாள்.

கெடாரில் அவன் வீட்டு வாசலில் இல்லை, வயலில் இருந்தான். நரைத்த தலையோடு, கையில் ரிமோட்டோடு. நெற்பயிருக்கு மேலே மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்று தாழ்வாக இரைந்து போனது.

"காதுக்காவத் தள்ளினவன மறுபடி ஜி கிளாஸ்லயே உட்டுட்டாங்க பாத்தியா. இன்னா, இப்ப பறக்கறது ஆள் ஒசரத்துலதான்" என்றான்.

போனில் டிஜிட்டல் வரைபடத்தைக் காட்டினான். அனுமதி வாங்காமல் பறக்கலாம் என்று கெடாரைச் சுற்றிலும் பச்சையாக இருந்தது. நீயே ஓட்டிப் பார் என்று ரிமோட்டை நீட்டினான். தனக்கு ட்ரோன் சான்றிதழ் இல்லை, தொட மாட்டேன் என்று அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நீ மாறவே இல்லை என்று சிரித்தான்.

ட்ரோன் வரப்பில் இறங்கியதும் அவள் மெதுவாகச் சொன்னாள்: "மேல எல்லாரும் என்கிட்ட பேசறாங்க கோதண்டம். அவங்க சொல்றத நான் திருப்பிச் சொல்லிக்கினு போறேன். பத்திரமாத்தான் கீது. ஆனா என்ன மட்டும் நம்பி ஒருத்தன் எறங்கினது அன்னிக்கி ஒரு வாட்டிதான்."

அவன் பேட்டரியைக் கழற்றினான். பிறகு, "எனக்கும் அது ஒரு வாட்டிதான். தெனம் நெனைக்கிறேன்னு சொன்னா பொய்யி. வானத்துல மோடம் போட்டா நெனைக்கிறேன்" என்றான்.

காற்று எழும்புகிறது, மேட்டு வயல் இன்னும் பாக்கி இருக்கிறதே என்று வயல்காரி இளவரசி வரப்பிலிருந்து கேட்டாள். கோதண்டபாணி ட்ரோனைத் தூக்கிக்கொண்டான். ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டு, மருந்து கலக்கிய கேனை எடுத்துக்கொண்டு சேற்றில் அவன் பின்னால் நடந்தாள்.