இரண்டு மில்லி பயம்

செவ்வாயும் வியாழனும் மட்டும் என் காரக் கரைசல் கெட்டுப்போனது. திங்களும் புதனும் அதே பாட்டிலிலிருந்த அதே கரைசல் ஒழுங்காக நடந்துகொண்டது. கரைசலுக்குக் கிழமை பார்க்கத் தெரியாது. பதினோரு வருடமாகப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன், எனக்கு இதுகூடத் தெரியாதா?

சோதனை மிக எளிமையானது. கூம்புக் குடுவையில் இருபது மில்லி அமிலம், அதில் இரண்டு சொட்டு நிறங்காட்டி. அதற்கு மேலே அளவுக்கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழாய், அதுதான் ப்யூரெட். அதற்குள் காரம், அடியில் ஒரு திருகு. இடது கை திருகைத் திறக்கும், வலது கை குடுவையைச் சுழற்றும், கண் நிறத்தை விட்டு நகராது. தண்ணீர் மாதிரி இருந்தது ஏதோ ஒரு சொட்டில் மெல்லிய இளஞ்சிவப்பாக மாறும். அந்தச் சொட்டோடு திருகை மூடிவிட வேண்டும். எத்தனை மில்லி இறங்கியது என்பதுதான் விடை. என் கரைசலுக்கு அது இருபது.

நான் பார்த்துக்கொள்ளும் திங்கள், புதன்களில் பிள்ளைகளுக்கு இருபது வந்தது. வேதியியல் சார் வரும் செவ்வாய், வியாழன்களில் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று எகிறியது. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அமிலம். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான்.

"ஒண்ணு, உங்க கரைசல் சரியில்ல. இல்லேன்னா நான் இல்லாதப்ப நீங்களே விடையைச் சொல்லிக் குடுக்கறீங்க," என்றார். "ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"ரெண்டும் இல்ல சார்."

"மூணாவதா ஒண்ணு இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அவர் தலைமையாசிரியைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மேடம் நேரில் வந்து பார்ப்பார், அன்றும் தவறினால் என்னைக் கோப்பறைக்கு மாற்றிவிடுவார்கள். கோப்பறையில் கொதிக்க வைக்க ஒன்றும் கிடையாது. ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தோடு சேர்ந்தால் நிறமும் மாறாது. எனக்கு அழுகை வரப் பார்த்தது.

முதலில் பாட்டிலைச் சந்தேகப்பட்டேன். காரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு வீரியம் குறையும். ஆனால் அப்படிக் குறைந்தது புதன்கிழமை எப்படித் தேறும்? திருகுகளைக் கழற்றிக் கழுவினேன். ஒன்றுகூடக் கசியவில்லை.

வியாழக்கிழமை வேறு வேலை செய்தேன். மேசைகளை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் எத்தனை மில்லி கூடுதலாகப் போனது என்று அந்தந்த இடத்திலேயே குறித்தேன். கதவோரம் 0.2. நடு வரிசையில் 0.9. சார் நின்றிருந்த ஜன்னல் மேசையில் 2.3. சிறிது நேரத்தில் அவர் கதவுப்பக்கம் நகர்ந்தார். எண்களும் கூடவே நகர்ந்தன. இரண்டாம் சுற்றில் கதவோரம் 2.1.

பயத்தை மில்லிலிட்டரில் அளக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜன்னல் மேசைக்காரியைக் கூப்பிட்டேன். மூன்று சொல்லுக்கு மேல் பேசமாட்டாள், அதனால் தந்தி என்று பெயர்.

"சார் பக்கத்துல நின்னா என்னடி ஆகுது?"

"கை மூட மாட்டேங்குது."

"கண்ணு எங்க இருந்துச்சு?"

"குடுவைலதான்."

"மனசு?"

"அவர் மூச்சுல."

பக்கத்து மேசைப் பையன் ரேடியோ, வாய் ஓயாதவன், நடுவில் புகுந்தான். "அவர் 'ம்ம்'னு ஒரு சத்தம் விடுவாரே அக்கா, அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிக்கறதுக்குள்ள ரெண்டு மில்லி போயிடும்."

விஷயம் அவ்வளவுதான். மனது ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான். திருகு, சுழற்சி, நிறம் என்ற மூன்றுக்கே அது நிரம்பிவிடும். நாலாவதாக ஒரு 'ம்ம்' வந்தால் ஏதோ ஒன்றைக் கீழே போட்டாக வேண்டும். பிள்ளைகள் கீழே போட்டது திருகை. பாடம் மறக்கவில்லை, பாடத்துக்கு இடமில்லை.

இதைச் சாரிடம் சொன்னால் நம்புவாரா? "சாக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். தந்தியையும் மிஞ்சிவிடுவார்.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். கையில் கோப்பு, காதில் சொருகிய பேனா. அவர் வரலாறு படித்தவர். ப்யூரெட்டை ஏதோ பழைய ஆயுதத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"பிள்ளைங்களை விடுங்க மேடம். நானே பண்ணிக் காட்டறேன். கரைசலோட லட்சணம் தெரிஞ்சிடும்."

எனக்குள் ஒரு குறும்பு எழுந்தது. "மேடம், நிறம் ரொம்ப மெல்லிசா மாறும். நல்லாக் கிட்ட வந்து பாருங்க. பசங்களா, நீங்களும் வாங்க. சார் கைவேலையப் பார்த்தாத்தானே கத்துக்க முடியும்."

பதினான்கு பிள்ளைகள் அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். மேடம் அவர் தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்து, பேனாவை எடுத்துக் கோப்பில் ஏதோ எழுதினார். அதோடு, "ம்ம்," என்றார்.

குடுவை பஞ்சுமிட்டாய் நிறத்துக்குப் போனது. அளவு 21.7.

"பாத்தீங்களா, கரைசல்தான்," என்றார் சார். ஆனால் குரல் இறங்கியிருந்தது. அந்தச் சிவப்பு ஒரு சொட்டின் வேலையல்ல, முப்பது நாற்பது சொட்டின் வேலை என்று அவருக்குத் தெரியாமலிருக்குமா?

"அப்ப நீங்க பண்ணுங்கம்மா," என்று மேடம் என்னைப் பார்த்தார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை. ப்யூரெட்டைப் பிடித்ததும் கோப்பறை ஞாபகம் வந்தது. அங்கே ஜன்னல் இருக்கிறதா என்று யோசித்தேன். குனிந்து பார்த்தால் 20.8.

"ரெண்டு பேருக்கு ரெண்டு விடையா?" என்றார் மேடம். "உங்க அறிவியல் இவ்வளவுதானா?"

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது தந்தி சொன்னாள்: "மேடம், நீங்க பண்ணுங்களேன்."

"நானா?"

"ஈஸிதான் மேடம்," என்று ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டான். "சார் சொல்லித் தருவார். நாங்களும் கூடவே பண்றோம்."

மேடம் கோப்பைக் கீழே வைத்தார். சார் அவருக்குத் திருகைக் காட்டினார். "இப்படி இல்ல மேடம், மெல்ல. ஐயோ, மூடுங்க, மூடுங்க." மேடத்தின் குடுவை ஒரு நொடியில் பீட்ரூட் நிறமாகிவிட்டது, 26.4. அவரே சிரித்துவிட்டார். இன்னொரு தரம் கேட்டார். கால் மணி நேரம் அந்த இருவரும் தலை நிமிரவில்லை. பதினான்கு பிள்ளைகளை உலகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை.

நான் அளவுகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். 20.0, 20.1, 20.0, 19.9. ஜன்னல் மேசையில் 20.0.

தாள் இரண்டையும் சார் முன்னால் வைத்தேன், வியாழக்கிழமையுடையதும் இன்றையதும். அவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஜன்னல் மேசையின் 2.3 மேல் விரலை வைத்து, "இது நானா?" என்று கேட்டார்.

"நீங்க நின்ன இடம் சார்."

கோப்பிலிருந்த என் மாற்றல் காகிதத்தை மேடம் அங்கேயே இரண்டாக மடித்தார். ஆனால் அடுத்த மாதம் செய்முறைத் தேர்வு, வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார், அவருக்கும் மூச்சு உண்டு. அதனால் மூவரும் உட்கார்ந்து ஒரு முறையை எழுதினோம். தேர்வன்றும் அப்படியே செய்தோம். பதினான்கு பேரில் ஒருவருக்கும் கால் மில்லிகூடத் தப்பவில்லை.

முறை இதுதான்: மேற்பார்வைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், சரியான விடையைத் தானே கண்டுபிடித்துக்கொள்ள அவர் கையிலும் ஒரு ப்யூரெட்டைக் கொடுத்துவிட வேண்டும், பிள்ளைகள் எடுக்கும் முதல் அளவுக்கு மதிப்பெண் கிடையாது, அவர் தன் இரண்டாவது அளவை முடிக்கும்வரை யார் மேசைக்கும் போகக்கூடாது.