மூடியின் உட்புறம்

அன்று காலை மழை பெய்து விட்டிருந்ததா, இல்லை யாரோ வாசலைக் கழுவிவிட்ட தண்ணீர்தானா என்பது எனக்கு நிச்சயமாக நினைவில்லை. தரை ஈரமாக இருந்தது, அது மட்டும் தெரியும். நான் பார்த்ததையும், அந்த வீட்டு மருமகள் வெகுகாலம் கழித்து என்னிடம் சொன்னதையும் இப்போது தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. சில இடங்களில் முன்பின்னாக இருக்கலாம்.

மகன் காருக்குப் பக்கத்தில் நின்று ரிமோட் சாவியை அமுக்கிக்கொண்டிருந்தான். கார் அசையவில்லை. விளக்கு மினுங்கவில்லை, கதவு திறக்கும் அந்தச் சின்னச் சத்தமும் வரவில்லை. பின்னால் சந்து முனையில் அமரர் ஊர்தி வந்து நின்றிருந்தது. கார் நகர்ந்தால்தான் அது வாசலுக்கு வர முடியும். உள்ளே கூடத்தில் அவனுடைய அப்பாவை வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள்.

விஷயம் எளிமையானதுதான். விடிந்ததும் தொட்டியில் குனிந்து முகம் கழுவும்போது அவன் சட்டைப்பையிலிருந்த சாவி தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. துடைத்தான், உதறினான், வெயிலில் காட்டினான். ரிமோட்டுக்குள் செருகியிருந்த சின்ன இரும்புச் சாவியை உருவிக் கதவுத் துவாரத்தில் விட்டும் பார்த்தான். பொத்தானை அமுக்கிக் கிளப்பும் கார், வாங்கிய நாளிலிருந்து திருப்பாத துவாரம் அது. இறுகிப்போயிருந்தது.

தங்கையின் கணவர், அந்த வீட்டு மாப்பிள்ளை, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர். சாவியைத் தாடையில் வைத்துக்கொண்டு அமுக்கினால் எட்டத்திலிருந்துகூட வேலை செய்யும் என்றார்.

"பக்கத்துலதானே நிக்கறேன்," என்றான் மகன்.

"அதுக்கில்ல மச்சான், ஒடம்பே ஏரியல் மாதிரி வேலை செய்யும். வச்சுப் பாருங்க."

அப்பா செத்துக் கிடக்கும் வீட்டின் வாசலில், மகன் சாவியைத் தாடையில் வைத்துக்கொண்டு அமுக்கினான். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சட்டென்று கீழே பார்த்துக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன்.

மருமகள் நிலைப்படியில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அது நாத்தனாரின் வாயிலிருந்து வந்தது.

"அப்பாவோட சாவி இருக்கே. அதுல இருக்கற பேட்டரியைக் கழட்டி இதுல போட்டாப் போச்சு. ரெண்டும் ஒண்ணுதானே?"

"அப்பாவோடது வேலை செய்யாதும்மா," என்றான் மகன், வேகமாக.

"ரிமோட்தான் வேலை செய்யல. பேட்டரி புதுசு. நான்தானே வாங்கிக் குடுத்தேன். ரெண்டு வாட்டி." தங்கை அண்ணனைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தாள். "ரெண்டு வாட்டியும் போன் பண்ணி, இதுவும் சரிப்படலம்மான்னார். புது பேட்டரி எப்படிண்ணா ரெண்டும் போகும்?"

மகன் ஈரச் சாவியை மறுபடியும் சட்டையில் துடைத்தான்.

மாமனார் மருந்துக் கம்பெனி விற்பனையாளராக ஊர் ஊராகக் கார் ஓட்டியவர். வேலை ஓய்ந்த பிறகும் சாவி சட்டைப்பையிலேயே இருக்கும். இரண்டு வருஷமாக அவருடைய கண்ணின் பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்தது. நேரே இருப்பது தெரியும், ஓரத்திலிருந்து வருவது தெரியாது. ஒருநாள் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் சைக்கிளை உரசிவிட்டு, உரசியதே தெரியாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே ஆட்கள் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் அதற்குப் பிறகும் அவர் ஓட்டுவதை விடவில்லை.

அவரிடம் நேராகச் சொல்ல மகனுக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் நேராகச் சொன்னதில்லை. சாப்பாட்டில் உப்பு கூடியிருந்தால் பேசாமல் தயிரை ஊற்றிக்கொள்கிறவர்கள். மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். அப்பாவின் ரிமோட்டைத் திறந்து, பேட்டரி உட்காரும் தகட்டின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் போதும். எத்தனை பேட்டரி மாற்றினாலும் உயிர் வராது. உள்ளே இருக்கும் இரும்புச் சாவியையும் உருவி வைத்துவிடலாம். யோசனை அவனுடையது, கை அவளுடையது. அவர் குளிக்கப் போன நேரத்தில் நகவெட்டிக் கத்தரியால் டேப்பை வட்டமாக நறுக்கி ஒட்டினாள். கண்ணாடி மாதிரியான டேப். கண் மங்கியவருக்குத் தெரியாது என்பதை நம்பித்தான் ஒட்டினாள்.

பிறகு மாதக்கணக்கில் அவர் அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். பேட்டரியை மாற்றினார். அழிரப்பரால் தகட்டைத் தேய்த்தார். அவர் அழுத்தித் தேய்த்தால் டேப் உரிந்துவிடும் என்பதால் அவள் எடுத்துப் பார்த்து, இன்னொன்று ஒட்டினாள். ரிமோட்டைத் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குள் வைத்தார். மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் மகன் அடுத்த வாரம் என்றான். சாயங்காலங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து காரைப் பார்த்துக் கையை நீட்டி அமுக்குவார். அவள் பக்கம் திரும்பி, "ம்ஹூம்" என்று உதட்டைப் பிதுக்குவார். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஒருமுறை, சமீபத்தில், அவள் மாடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கும்போது மதில்மேல் மஞ்சள் வெளிச்சம் விட்டுவிட்டு மினுங்கியதைப் பார்த்தாள். கேட்டதற்கு, எதிர்வீட்டு வண்டியா இருக்கும்மா என்றார். அதற்குப் பிறகு அவர் பேட்டரி கேட்கவில்லை. "விடும்மா. அதுக்கும் என் வயசாயிடுச்சு," என்றார்.

நேற்று கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள். மகன் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தான். அலுவலகத்தில் ஏதோ வேலை வந்து, நாளைக்குப் போகலாம்பா என்று சொல்லிவிட்டுக் கம்பெனி வண்டியில் கிளம்பிவிட்டான். கார் வாசலில் நின்றது. அவர் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொன்னார். நல்ல வெயில். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைத் தூங்குகிறார் என்று நினைத்துப் பலர் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்கள். மூக்குக்கண்ணாடி, கைக்குட்டை, ரிமோட் சாவி.

அந்தப் பையைத்தான் இப்போது நாத்தனார் உள்ளேயிருந்து எடுத்து வந்தாள். சாவியை மாப்பிள்ளையிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, தொறங்க. உள்ள என்னதான் இருக்குன்னு பாத்துடலாம்."

மருமகள் படியிறங்கி வந்தாள். "குடுங்க. நான் தொறக்கறேன்."

"ஏன் அண்ணி, அவர் தொறந்தா ஆகாதா?"

"அதுக்குக் கத்தி வேணும். உள்ளதான் இருக்கு."

மாப்பிள்ளையின் கையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள். பிடுங்கியதுபோலத்தான் இருந்திருக்கும். மகன் தலை நிமிரவில்லை.

சமையலறையில் யாரும் இல்லை. நாத்தனார் பின்னாலேயே வரும் காலடி கேட்டது. கதவைச் சாத்தினால் தப்பாகிவிடும். அவள் மேடையின் பக்கம் திரும்பி, முதுகால் மறைத்துக்கொண்டு, கத்தி முனையை விளிம்பில் கொடுத்து நெம்பினாள். பேட்டரியை எடுத்துவிட்டு நகத்தால் தகட்டைச் சுரண்டினாள். வழுக்கவில்லை. வெறும் தகடு. விளக்கின் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். டேப் அங்கே இல்லை.

அது மூடியின் உட்புறத்தில் இருந்தது. எதையும் தொடாத, எதற்கும் இடைஞ்சல் இல்லாத ஓர் ஓரத்தில், காற்றுக்குமிழி இல்லாமல் விரலால் நீவி ஒட்டப்பட்டிருந்தது. வட்டத்தின் ஒரு பக்கம் கத்தரி நழுவிக் கோணலாகியிருந்தது. அவள் நறுக்கியதுதான்.

"என்ன அண்ணி இருக்கு?"

"ஒண்ணுமில்ல," என்றாள்.  பேட்டரியைத் திரும்ப வைத்து மூடினாள். ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துக் கையை நீட்டி அமுக்கினாள்.

வாசலில் கார் குரல் கொடுத்தது. மஞ்சள் விளக்குகள் மினுங்கின. காரில் சாய்ந்து நின்ற யாரோ துள்ளி விலகினார். "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்," என்றார் மாப்பிள்ளை, எதை முன்பே சொன்னார் என்று யாருக்கும் தெரியாவிட்டாலும்.

நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

மகன் சாவி வாங்க வந்தான். கை நீட்டினான், ஆனால் உடனே வாங்கவில்லை.

"எடுத்துட்டியா?" என்றான், உதடு அசையாமல்.

அவள் அவனைப் பார்த்தாள். கண்கள் வீங்கியிருந்தன. நேற்றிலிருந்து, ஒரு நாள் தள்ளிப் போட்டதைத் தவிர அவன் வேறு எதையும் பேசவில்லை.

"ம்," என்றாள். "இப்பதான்."

அவன் தலையசைத்துவிட்டுக் காரை எடுக்கப் போனான். அவள் ஜன்னலிலேயே நின்றாள். நேற்றும் இதே ஜன்னலில்தான் நின்றிருந்தாள். மாமனார் குடையை இடுக்கிக்கொண்டு வாசலில் இறங்கினார். காரின் பக்கத்தில் நின்றார். கை சட்டைப்பைக்குப் போனது, கைக்குட்டையோடு வெளியே வந்தது. பக்கக் கண்ணாடியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். ஓரமாக, சுவரைத் தொட்டுக்கொண்டு, சந்தில் நடந்து போனார்.

ஊர்தி பின்பக்கமாக வாசலுக்கு வந்து நின்றது.

அந்தக் காரை அடுத்த வருஷம் விற்றுவிட்டார்கள். வாங்கியவரிடம் இரண்டு சாவிகளையும் கொடுத்தார்கள். ஒன்றின் மூடிக்குள் இருந்ததை யாரும் எடுக்கவில்லை. நாத்தனார் கொஞ்ச காலம் பேசாமல் இருந்தாள், பிறகு பேசினாள். பேட்டரி பற்றிக் கேட்கவே இல்லை. மாப்பிள்ளை இப்போதும் எல்லாவற்றுக்கும் வழி வைத்திருக்கிறார். மகனுக்கும் அதே கண் நோய் வந்தது. டாக்டரைப் பார்த்துத் திரும்பிய அன்றே, சாப்பிடும்போது, மருமகள் அவன் எதிரில் உட்கார்ந்து, "இனிமே நீங்க வண்டி ஓட்ட வேண்டாம்" என்று சொன்னாள். அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, சாவியை மேஜைமேல் வைத்தான். அன்று டேப் எங்கே இருந்தது என்பதை அவள் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.