கறுப்பு வயர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அசந்து கிடக்கிறவனை எழுப்புகிறவன், சொந்த மைத்துனனே ஆனாலும், நல்லா இருக்கக் கூடாது என்பது குணாளனின் கட்சி. ஆறு நாளும் தேயிலை ஃபேக்டரியில் மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறான். மிச்ச நேரத்தில் எஸ்டேட் வொர்க்‌ஷாப்பில் கொழுந்து வெட்டும் மெஷின்களுக்கு வைத்தியம் பார்க்கிறான். ஏழாம் நாளாவது உடம்பைக் கட்டிலில் போட்டு மறந்துவிடலாம் என்றால், ஜன்னலில் தாளம் போடுகிறான் ஹரிதாஸ்.

"அத்தான்! அத்தான்! முழிச்சிட்டீங்களா?"

"இனிமே என்ன தூக்கம்" என்று முனகிக்கொண்டே குணாளன் பின்பக்கம் வந்தான். மலையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஹரிதாஸ் இரண்டு கையிலும் தன் வண்டியை ஏந்திக்கொண்டு நின்றான். வண்டி என்றால் ஏறி உட்காருகிற வண்டியில்லை. பக்கி என்கிற, ரிமோட்டில் ஓடுகிற பெட்ரோல் பொம்மைக் கார். நல்ல வளர்ந்த ஆட்டுக்குட்டி அளவு இருக்கும், பன்னிரண்டு கிலோ எடை. ஹரிதாஸோ லெம்பா பெர்த்தாம் தோட்டங்களிலிருந்து பிரிஞ்சாங்கு டவுனுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிற முப்பத்து நாலு வயது ஆம்பிளை. கல்யாணப் பேச்சை எடுத்தால் லோரியில் ஏறிக்கொள்வான், இந்த வண்டிக்கு மட்டும் பல் விளக்கும் பிரஷ்ஷால் மண் துடைப்பான்.

அந்தப் பக்கிதான் இரண்டு வாரத்துக்கு முன்னால் எஸ்டேட் திடலில் மானத்தை வாங்கியது. நடுவழியில் சிக்னல் அறுந்து, ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல், கோயில் வேலிப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்களை நோக்கிப் பாய்ந்தது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். யாருக்கும் அடியில்லை. ஒரு டிஃபன் கேரியரை நசுக்கிவிட்டு வடிகாலில் போய் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் துரை அங்கே நின்றிருந்தார். தூரத்திலிருந்தே இஞ்சினை நிறுத்துகிற சுவிட்ச் போடாமல் அந்தச் சனியன் என் திடலுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஹரிதாஸ் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டி அளவு ஒரு கறுப்புச் சாமானை எடுத்து நீட்டினான். அதிலிருந்து மூன்று வயர் தொங்கியது.

"வந்துடுச்சு அத்தான். ரிமோட்டுல பட்டனை அமுக்குனா இஞ்சின் செத்துடும். சிக்னல் போனாலும் செத்துடும். பாட்ரி போனாலும் செத்துடும். எல்லாத்துக்கும் சாகும் லா, ரொம்ப நல்ல சாமான்."

குணாளன் அதைக் கையில் வாங்கவில்லை. "அடுத்த வாரம் பார்ப்போம்."

"அடுத்த ஞாயிறு திருவிழா. எல்லாரும் வண்டியோட வர்றாங்க. அரை மணி நேர வேலைதானே? இஞ்சினைக் கண்ணால பார்த்தே சீக்கு சொல்றவரு நீங்க."

குணாளனுக்கு இஞ்சின் என்றால் பயமில்லை. நிறுத்துகிற வயர் என்றால்தான் எட்டு மாதமாகக் கை கூசியது. காரணத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நாமாவது சொல்லிவிடுவோம்.

இந்த எஸ்டேட்டில் கொழுந்தைக் கையால் கிள்ளுவது எப்போதோ போய்விட்டது. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, நடுவில் நீளமான வெட்டும் மெஷினைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். இஞ்சின் பக்கம் குணாளனின் மனைவி விக்னேஸ்வரி. மறுபக்கம் மலர், அதே லயத்து வீட்டு வரிசையில் நாலாவது வீடு. மூன்று வருஷ ஜோடி. பிளேடில் குச்சி சிக்கிக்கொண்டால் மலர் "நிப்பாட்டு!" என்று கத்துவாள். விக்னேஸ்வரி சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு "ஆச்சு!" என்பாள். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மலரின் கை உள்ளே போய்க் குச்சியை எடுத்துவிடும். சுற்றிலும் இன்னும் நாலு மெஷின் இரைந்துகொண்டிருக்கும். எது நின்றது, எது நிற்கவில்லை என்று யார் காது கொடுத்துக் கேட்டார்கள்? விக்னேஸ்வரி ஆச்சு என்றால் ஆச்சுதான்.

பிப்ரவரியில் ஒரு நாள் விடாத தூறல். பொத்தானுக்குள் தண்ணீர் இறங்கி அவர்கள் மெஷின் அடிக்கடி நின்றுபோயிற்று. கங்காணி ஆண்டியப்பன் அதை லோரியில் கீழே அனுப்பி, பத்து நிமிஷத்தில் வேண்டும் என்று போனில் கத்தினார். குணாளன் முந்தின இரவு ஃபேக்டரியில் கண்ணே மூடவில்லை. மாற்றுப் பொத்தானும் கையில் இல்லை. பொத்தானுக்குப் போகிற கறுப்பு வயரைப் பிடுங்கி, நுனியில் டேப்பைச் சுற்றி, உள்ளே செருகிவிட்டான். அந்த வயர் இல்லாவிட்டால் இஞ்சின் தண்ணீருக்கு நிற்காது. பொத்தானை அமுக்கினாலும் நிற்காது. காற்றை அடைக்கிற சோக்கைப் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். அதை விக்னேஸ்வரியிடம் சொல்லச் சொல்லி லோரிக்காரனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். லோரி கிளம்பியபோது வாயைத் திறக்க மறந்துபோனான். அவ்வளவுதான் விஷயம். பதினொரு மணிக்கு மலருக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று.

மெஷின் இறங்கி வந்ததும், துரை வருவதற்குள், குணாளன் வயரைத் திரும்ப மாட்டிவிட்டான். பத்து வினாடி வேலை. தூறலும் விட்டிருந்தது. துரை மூன்று தடவை பொத்தானை அமுக்கிப் பார்த்தார். மூன்று தடவையும் இஞ்சின் நல்ல பிள்ளையாக நின்றது. பொத்தானில் குறையில்லை, இஞ்சின் பக்கத்து ஆள் அமுக்கவில்லை என்று ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி எழுதிக்கொண்டார்.

"நான் அமுக்கினேன்" என்று விக்னேஸ்வரி துரையிடம் சொன்னாள், கிராணியிடம் சொன்னாள், மலரின் வீட்டு வாசலில் நின்று அழுதுகொண்டே சொன்னாள். மலர் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மாதம் சொல்லிப் பார்த்துவிட்டு விக்னேஸ்வரி நிறுத்திக்கொண்டாள். மெஷின் வேலையை விட்டுவிட்டுப் புல் வெட்டுகிற கூட்டத்தோடு போனாள். பிறகு ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, யாரிடமோ பேசுகிற மாதிரி, "ஒருவேளை நான் அமுக்கலையோ என்னமோ" என்றாள்.

குணாளனை அது கொன்றுவிட்டது. கொன்றும் என்ன, அவன் பேசவில்லை. சொன்னால் வேலை போகும், வேலை போனால் எஸ்டேட் வீடு போகும் என்று தனக்குத்தானே கணக்குச் சொல்லிக்கொண்டான். அந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் தான் ஒரு கோழை என்பதும் அவனுக்குத் தெரிந்தேதான் இருந்தது. நாளாக ஆக அந்தப் பத்து வினாடியைத் தூக்கிக்கொண்டு நடப்பதே ஒரு வேலையாகிவிட்டது. ஃபேக்டரி வேலைக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு.

"குடுடா" என்று கையை நீட்டினான். மறுத்துப் பேசுவதற்கும் தெம்பு வேண்டுமே.

ஒரு பழைய காய்கறிப் பெட்டியைக் கவிழ்த்து, சக்கரங்கள் தரையில் படாதபடி பக்கியை அதன்மேல் ஏற்றினான். சிக்னல் வாங்குகிற பெட்டியைத் திறந்து, காலியாயிருந்த துளையில் ஒரு வயரைச் செருகினான். இன்னொன்றை இஞ்சின் உடம்பில், பெயிண்டைச் சுரண்டிவிட்டு, ஸ்க்ரூ வைத்து முடுக்கினான். மிச்சம் இருந்தது ஒன்று. அதை இஞ்சினின் கறுப்பு வயரோடு சேர்க்க வேண்டும். அதே மாதிரி மெல்லிசான வயர்.

ஈயம் வைத்துப் பற்றவைப்பதுதான் முறை. அதற்கான சாமான் மேலே வொர்க்‌ஷாப்பில் இருந்தது. நூற்றுப் பத்துப் படி. குணாளன் படிகளைப் பார்த்தான், தன் முழங்காலை நினைத்தான். இரண்டு நுனியையும் முறுக்கி டேப்பைச் சுற்றிவிட்டான்.

ஹரிதாஸ் கயிற்றை இழுத்தான். இரண்டாவது இழுப்பில் இஞ்சின் பிடித்துக்கொண்டு லயமே அதிரும்படி கத்தியது. சக்கரங்கள் காற்றில் சுழன்றன. ரிமோட்டில் பட்டனை அமுக்கினான். பட்டென்று அமைதி.

"அடடா!" என்று குதித்தான். மறுபடி கிளப்பினான், மறுபடி அமுக்கினான், மறுபடி நின்றது. "துரை பார்த்தா எனக்கு மாலை போடுவாரு அத்தான்."

அந்தச் சத்தத்துக்கு விக்னேஸ்வரி இரண்டு கோப்பை பாலில்லாத தே-ஓவோடு வெளியே வந்தாள். வாசலைத் தாண்டியதும் நின்றாள், உள்ளே திரும்பிப் போனாள், மறுபடி வந்தாள். அடுப்பை அணைத்தோமா என்று பார்த்துவிட்டு வருகிறாள். கொஞ்ச நாளாக ஒரு தடவை பார்த்தால் அவளுக்குப் போதவில்லை. கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அக்கா, இங்க வா. நீ ஒரு தடவ அமுக்கு."

"எனக்கு எதுக்குடா அதெல்லாம்."

"சும்மா ஒரு பட்டன் லா. எத்தன நாளைக்கு மெஷினைக் கண்டா ஒதுங்கிப் போவ? அமுக்கு, நிக்கும், அவ்வளவுதான்."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். அக்காவின் பயத்தைப் போக்கிவிடலாம் என்று அவனுக்கு ஓர் எண்ணம். வேண்டாம் என்று குணாளன் சொல்லியிருக்கலாம். வழக்கம்போல வேறு வேலை பார்க்கிற மாதிரி பெட்டியை நேராக்கினான். ஹரிதாஸ் ரிமோட்டை அவள் கையில் வைத்துவிட்டு இஞ்சினைக் கிளப்பினான். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாகவே உறும விட்டான். பெட்டி தடதடவென்று ஆடியது.

"ம், நிப்பாட்டு!"

விக்னேஸ்வரி அமுக்கினாள். அமுக்கிய வேகத்தில் பழைய பழக்கம் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"ஆச்சு!"

சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன.

மறுபடி அமுக்கினாள். இஞ்சின் கத்திக்கொண்டே இருந்தது. ஹரிதாஸ் சிரித்தான். "நீ சரியா அமுக்கலக்கா."

அவள் தம்பியைப் பார்க்கவில்லை, வண்டியையும் பார்க்கவில்லை. தன் கட்டைவிரலையே பார்த்தாள். பட்டன்மேல் அழுந்தி நகம் வெள்ளையாகியிருந்தது.

"அமுக்கினேன்டா. பாரு, அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். பாருடா!"

குணாளன் குனிந்து சோக்கை மூடினான். இஞ்சின் இருமிவிட்டு நின்றது. டேப்பைத் தொட்டதும் கழன்று வந்தது. உள்ளே முறுக்கு அவிழ்ந்து, இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன.

"அவ அமுக்கினா" என்றான் ஹரிதாஸிடம். "நான் போட்ட கட்டுதான் அவுந்துடுச்சு."

அதோடு விட்டிருக்கலாம். தே-ஓ குடித்துவிட்டு, படியேறிப் போய் ஈயத்தை வைத்துப் பற்றவைத்திருக்கலாம். யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் இன்னும் அந்தப் பட்டனை அமுக்கியபடியே நின்றாள். அதைப் பார்த்துக்கொண்டு இன்னொரு நாள் இருக்க அவனால் முடியாது.

"அன்னைக்கும் அமுக்கினா" என்றான்.

"என்ன சொன்னீங்க?" என்று விக்னேஸ்வரி திரும்பினாள்.

"அன்னைக்கும் நீ அமுக்கினே, விக்னா. தண்ணி எறங்குதுன்னு அந்த வயரப் பிடுங்கிவிட்டது நான்தான். சோக்கப் போட்டு நிப்பாட்டணும்னு சொல்லியனுப்ப மறந்துட்டேன். துரை வர்றதுக்குள்ள திரும்ப மாட்டினதும் நான்தான்."

அவளிடமிருந்து அடி விழும் என்று குணாளன் எதிர்பார்த்தான். விழுந்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, படிக்கல்லில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் அமுக்கினேன்."

"அமுக்கினே."

"ஆச்சுன்னு நான் சொன்னது பொய்யில்ல."

"பொய்யில்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சத்தமே போடாமல் சொன்னாள்: "எட்டு மாசமா என் கைய நானே நம்பல. அடுப்ப அணைச்சேனான்னு மூணு தடவ போய்ப் பார்க்கிறேன். நீங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

விக்னேஸ்வரி எழுந்து சேலையை உதறிக்கொண்டு லயத்தின் முன்பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

"அக்கா, எங்க போற? உள்ள அடுப்பு..." என்றான் ஹரிதாஸ்.

"அணைச்சிட்டேன்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

நாலாவது வீட்டு வாசலில் போய் நின்று கதவைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். கடைசியில் கதவு ஒரு சாண் திறந்தது. இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மலர் நின்றாள். வலது கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். விக்னேஸ்வரி திரும்பி, லயத்தின் மூலைவரை பின்னால் வந்து நின்ற புருஷனைப் பார்த்தாள்.

"வாங்க. வந்து சொல்லுங்க."

பத்து வினாடி நடைதான். அவிழ்ந்த டேப் கையில் ஒட்டிக்கொண்டிருப்பதுகூடத் தெரியாமல் குணாளன் நடந்தான். மூன்று வீட்டைக் கடந்து மலருக்கு முன்னால் போய் நின்று, வாயைத் திறந்தான்.