பட்டியலில் இல்லாத வீடு

"மேடம், இன்னைக்கு ஒரு வீடு பாக்கணும். லிஸ்ட்ல இல்லாத வீடு."

உள்ளூர்ப் பொறியாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர் இதைச் சொன்னபோது அவள் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து பூட்ஸில் காய்ந்திருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிலம் நடுங்கிய நாளிலிருந்து அந்த ஊருக்குப் பள்ளிக்கூடம்தான் பாதி ஆஸ்பத்திரி, பாதி சமையல்கூடம். எல்லை தாண்டி உதவிக்கு வந்த பொறியாளர்களுக்கு மூன்றாம் வகுப்பை ஒதுக்கியிருந்தார்கள். குட்டைப் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டுப் படுத்ததில் அவளுக்கு இடுப்பு கழன்று கையில் வந்துவிடும்போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். நேற்றுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வேனை ஓட்டி, தெருத்தெருவாக அவளை அழைத்துப்போன அதே பையன், தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கியபடி சுவரைப் பார்த்து நின்றான்.

"யாரு வீடு?"

"எங்க வீடுதான். அப்பா உள்ளயே இருக்காரு. எவ்வளவு சொல்லியும் வரமாட்டேங்கறாரு."

"நீங்க பாக்கலையா?"

"சொந்த வீட்ட நானே பாக்கக்கூடாதே மேடம். சங்கத்து விதி. அது சரிதான். ஆனா எங்க தெருவுல நான் சிவப்பு ஒட்டுன வீட்டுக்காரங்க எல்லாம் ஒவ்வொருத்தரா திரும்பி உள்ள போறாங்க. கேட்டா, 'உங்க அப்பாவே உள்ளதான இருக்காரு, எங்கள மட்டும் ஏன் தொரத்தற'ங்கறாங்க. நான் என்னன்னு பதில் சொல்ல?"

பச்சை ஒட்டினால் குடியிருக்கலாம். மஞ்சள் ஒட்டினால் பகலில் ஓடிப்போய்ச் சாமான் எடுத்துக்கொண்டு ஓடிவரலாம். சிவப்பு ஒட்டிவிட்டால் யாரும் காலெடுத்து வைக்கக்கூடாது. இந்த மூன்று நிறத்தில்தான் இப்போது அந்த ஊர் பிழைத்துக்கொண்டிருந்தது.

அவளுக்குச் சங்கம் என்றால் அதுவரை மாதக்கடைசிக் கூட்டம்தான். நமுத்த பிஸ்கட், ஆறிப்போன டீ, மேடையில் நடு நாற்காலி யாருக்கு என்கிற சண்டை. பக்கத்து நாட்டுப் பொறியாளர் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்ட அன்றைக்கு அவளும்தான் கைதட்டினாள். ஒரு பக்கம் இடிந்தால் மறுபக்கத்திலிருந்து ஆள் போகவேண்டும், சம்பளம் கிடையாது, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எல்லோரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கதை அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நிலநடுக்கச் செய்தி வந்த மறுநாள் தலைவர் போன் செய்தார். "அங்கயும் நம்ம பேச்சுதாம்மா, கொஞ்சம் இழுத்துப் பேசுவாங்க, அவ்வளவுதான். போறியா?" யோசிப்பதற்குள் வாய் சரி என்றுவிட்டது. அலுவலகத்தில் ஒரு வரைபடம் சரியில்லையென்றால் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்து அனுப்பிவிடுவாள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு அது ரொம்ப வசதி. இங்கே ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் ஒரு முகம். முதல் சிவப்பை ஒட்டும்போது பசையெல்லாம் அவள் சட்டைமேல்தான் வழிந்தது.

செயலாளரின் வீடு தெருவின் கடைசியில் இருந்தது. இரண்டு பக்கமும் வேறு வீடுகள் ஒட்டிக்கொண்டு நின்றதால் முன்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. மாடிச் சுவரில் குறுக்காக ஒரு விரிசல், ஜன்னல் மூலையில் இன்னொன்று. மஞ்சளா, சிவப்பா, வெளியிலிருந்து சொல்ல முடியவில்லை. எதிர்வீட்டுக் கதவில் அவன் ஒட்டிய சிவப்புத் தாள் அப்படியே இருந்தது. அதே வீட்டு ஜன்னலில் தையல்காரம்மா ஒருத்தி கழுத்தில் அளவுநாடாவோடு நின்று இவர்களை வேடிக்கை பார்த்தாள்.

பெரியவர் தோளில் துண்டோடு வாசலுக்கு வந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் என்று வழியிலேயே மகன் சொல்லியிருந்தான். இன்னமும் ஸ்டியரிங் பிடிப்பவர்போல இரண்டு கையையும் சற்று முன்னால் நீட்டியே நடந்தார்.

"வாங்கம்மா. வெளிநாட்டு இன்ஜினியர் வராங்கன்னு இவன் ரெண்டு நாளா மெரட்டிட்டிருந்தான். நான் கோட்டு சூட்டெல்லாம் எதிர்பாத்தேன்." அவளுடைய சேற்றுப் பூட்ஸைப் பார்த்துச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மஞ்சளா ஒட்டிட்டுப் போயிடும்மா. எனக்கு அது போதும். ஒன்னையும் தொந்தரவு பண்ணமாட்டேன்."

கேட்ட விதத்தில் அவளுக்கு மனசு இளகித்தான் போயிற்று. ஒரு தாள். ஒரு நிறம் தள்ளி. அவர் நிம்மதியாக இருப்பார், இந்தப் பையனுக்கும் தெருவில் ஒரு பதில் கிடைக்கும்.

"உள்ள பாக்காம எதையும் ஒட்டமாட்டேன் ஐயா," என்று ஹெல்மெட்டின் வாரை மாட்டினாள்.

"உள்ளயா? நீயா?" அவர் சிரிப்பு நின்றது.

கூடத்தில் நுழைந்ததும் அவள் கவனித்தது கட்டிலைத்தான். வாசலை ஒட்டி, கதவைத் திறந்தால் இடிக்கிற மாதிரி இழுத்துப் போடப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு அடுப்பு, கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டு, ஒரு குடம் தண்ணீர். ஒரு மனிதரின் மொத்தக் குடித்தனமும் வாசலிலிருந்து நாலடிக்குள் சுருங்கியிருந்தது. மாடிப்படிக்குப் போகிற வழியில் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மறித்திருந்தார்.

"அந்தப் பக்கம் ஒண்ணுமில்லம்மா. பழைய சாமான்."

அவள் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு உள்ளே போனாள். படிக்கட்டின் அடியில் தூண் இருந்தது. தூண் என்று இப்போது மரியாதைக்குத்தான் சொல்லவேண்டும். கான்கிரீட் தெறித்து விழுந்து, உள்ளே கம்பிகள் எடை தாங்காமல் வெளிப்பக்கம் வளைந்து பிதுங்கியிருந்தன. அந்த இடத்திலேயே திரும்பியிருக்கவேண்டும். ஆனால் மேலே உத்தரம் எதில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் போக அவளுக்கு மனசு வரவில்லை. மண்டியிட்டு, டார்ச்சை அடித்து, தலையை உள்ளே நீட்டினாள்.

"போதும்! எந்திரி! வெளிய வா!"

மணிக்கட்டில் இரும்புப் பிடி விழுந்தது. பெரியவர் அவளைக் கூடத்தைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, வாசற்படி தாண்டி, நடுத்தெருவரை இழுத்துவந்துதான் விட்டார். இழுத்த வேகத்தில் நாற்காலிகள் சரிந்து சுவரில் மோத, காரை பொலபொலவென்று உதிர்ந்து அவர் தலையெல்லாம் கொட்டியிருந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஒனக்கு வீட்ல புள்ளைங்க இருக்குல்ல? அந்தத் தூணுக்கடியில போய்த் தலைய நீட்டறியே, அறிவில்ல?"

அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "தெரிஞ்சேதான் உள்ள இருந்தீங்களா ஐயா?"

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் பிடித்தது. "காலி வண்டிய எப்படி வேணா ஓட்டிட்டுப் போலாம்மா. ஆள் ஏறிட்டா அது வேற."

"அப்புறம் ஏன்ப்பா?" மகனுக்குக் குரல் உடைந்துவிட்டது. "தெனம் வந்து கத்தறேன்ல? கெஞ்சறேன்ல? ஏன் இந்தப் பிடிவாதம்?"

"நீ தெனம் வந்து கத்தறதுக்குத்தாண்டா." பெரியவர் அவனைப் பார்க்காமல் சொன்னார். "காலைல போனா ஊர்ல உள்ள வீடெல்லாம் ஏறி எறங்கற. பள்ளிக்கூடத்துல வரிசைல நின்னு வாங்கித் திங்க ஒனக்கு நேரம் ஏது? சாயங்காலமானா என்னைத் திட்டவாவது வர்ற. திட்டி முடிச்சுட்டு ஜன்னல் வழியா ரெண்டு வாய் வாங்கிச் சாப்பிடற. நான் அடுப்ப விட்டுட்டு வந்துட்டா நீ எங்கடா சாப்பிடுவ?"

மகன் வேன் பக்கம் போய்க் கதவைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

அவள் பையிலிருந்து சிவப்புத் தாளை எடுத்தாள். ஒட்டுவதோடு வேலை முடியாது. வீட்டுக்காரரிடம் வாயால் சொல்லவேண்டும். அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "ஐயா, இனிமே இந்த வீட்டுக்குள்ள யாரும் போகக்கூடாது. நீங்களும்."

"சரி பண்ண முடியாதா?"

"தெரியலைங்க. தெரியாததச் சொல்லமாட்டேன். இன்னைக்கு இது நிக்கற நெலமை இதுதான்."

அவர் தலையாட்டினார். "ஒட்டு. நேரா ஒட்டு, கோணலா இருந்தா ஊர் சிரிக்கும்." பிறகு ஞாபகம் வந்தவராய், "அடுப்பு?" என்றார்.

"நான் எடுத்துட்டு வரேன்," என்று மகன் வாசலைப் பார்த்து நகர்ந்தான்.

"போகாத!" அவளும் பெரியவரும் ஒரே குரலில் கத்தினார்கள். கத்திய பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்.

எதிர்வீட்டு ஜன்னல் காலியாகியிருந்தது. கதவு திறந்து தையல்காரம்மா வெளியே வந்தாள், இடுப்பில் ஒரு அடுப்போடு. பின்னாலேயே அவள் புருஷன் தையல் மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். "எங்க அடுப்ப வச்சுக்குவோம் மாமா," என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "சேத்தே ஆக்கிக்கலாம்."

பெரியவர் தையல்காரம்மாவைப் பார்த்தார், சிவப்புத் தாளைப் பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பி, பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கிற குரலில் கூப்பிட்டார். "யாரு யாரு உள்ள இருக்கீங்க? எறங்குங்க, எறங்குங்க! வண்டி இதுக்கு மேல போகாது!" எங்கோ ஒரு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

மத்தியானம் வேனின் நிழலில் உலை கொதித்தது. அடுத்த தெருவுக்குப் போகவேண்டிய நேரம் ஆகியும் அவள் போகவில்லை. தையல்காரம்மா கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு நின்றாள். செயலாளர் தட்டை மடியில் வைத்து நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் குந்தியிருந்த அப்பா, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க," என்று கரண்டியை நீட்டினார். அவருடைய நரைமுடியில் காரைத் தூள் படிந்து எது நரை, எது தூசி என்று தெரியவில்லை. மகன் சோற்றுக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையை நீட்டினான். பாதியில் நிறுத்தினான். பிறகு, உடைந்துவிடக்கூடிய எதையோ தொடுகிறவன்போல, அந்தத் தூளை மெல்லத் தட்டிவிடத் தொடங்கினான். பெரியவர் கரண்டியைக் கீழே வைக்காமல், தலையைக் கொஞ்சம் குனிந்து கொடுத்தார்.