பூவரசடிப் பங்கு

ஞாயிற்றுக்கிழமை வாய்க்காலில் யாரும் மம்பட்டி போடக் கூடாது என்ற நிபந்தனையை வாங்கியவர் இஸ்ரவேல். லேசில் கிடைக்கவில்லை அது. சேரன்மகாதேவிக்குக் கிழக்கே அந்த வாய்க்கால் பாயும் ஊரில் வேதக்காரர் என்கிற கிறிஸ்தவர்கள் பாதி, மற்றவர் பாதி. சர்க்கார் அணையைப் பழுது பார்த்து மடையைக் கல்லில் கட்டித் தருவது, ஊரார் வருஷா வருஷம் வைகாசியில் வாய்க்காலைத் தூர் வாருவது என்று அந்த ஆண்டுதான் ஒப்பந்தமாயிற்று. வயல் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் வாய்க்காலில் ஒரு துண்டு பங்கு. பங்கை வெட்டாத வீட்டுக்குக் கார் நெல் அறுவடை வரை தண்ணீர் கிடையாது. வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாமடையைக் களிமண் வைத்து அடைத்துவிடுவார்கள்.

"ஞாயித்துக்கிழம தண்ணி ஓடுனா அன்னைக்கு மட்டும் எங்களுக்கு வேண்டாம்னு சொல்லுவீரோ வே?" என்று கேட்டார் மேலத்தெரு மாடக்கண்ணு. ஊர்க் கமிட்டியில் இஸ்ரவேலுக்குச் சமமான ஆள். நக்கலில் ஒரு படி மேல்.

இஸ்ரவேல் அசரவில்லை. ஓய்வுநாளை விட்டுக் கொடுத்தால், தன் ஜனங்களில் ஒரு வீடு பாக்கியில்லாமல் பங்குக்கு வரும் என்று சர்க்கார் ஓவர்சியரிடம் வாக்குக் கொடுத்தார். ஓவர்சியருக்கு வேண்டியது ஆள். சரி என்றுவிட்டார். அதற்குப் பிறகு இஸ்ரவேலின் நடையே மாறிப்போயிற்று. வேதக்கோயிலில் முன்வரிசையில் அவருக்கு இடம் விட்டார்கள், அவரும் ரொம்பக் கூச்சப்படுகிறவர் மாதிரி போய் உட்கார்ந்துகொண்டார்.

சனிக்கிழமை மாலை ஓவர்சியர் கமிட்டியோடு வாய்க்கால் நெடுக நடந்து பார்த்தபோது, பூவரச மரத்தடியில் ஒரே ஒரு துண்டில் கோரை அப்படியே நின்றது. பள்ளிவாசல் தெரு ஆசியா உம்மாளின் பங்கு. அவள் புருஷன் ஷேக் மைதீன் தை மாதம் வாந்திபேதியில் போய்விட்டான். அவள் இத்தாவில் இருந்தாள். புருஷனைப் பறிகொடுத்த பெண் அந்தக் காலம் முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது. வீட்டில் வேறு ஆண் இல்லை, இருப்பது ஒரு பெண் குழந்தை. கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றால், அந்த வாரம் ஊரில் உள்ள ஆண்கள் எல்லாம் அவரவர் பங்கில் நின்றார்கள்.

மறுநாள் காலை இஸ்ரவேல் கோயிலுக்குக் கிளம்பத் தாமதமாகிவிட்டது. மனைவி பாக்கியவதி மற்றப் பெண்களோடு முன்னால் போய்விட்டாள். குறுக்கு வழியாக வாய்க்கால் கரையில் வேகமாக வந்தவர் பூவரசடியில் நின்றுவிட்டார். ஆசியா உம்மாள் முழங்கால் சேற்றில் நின்று கோரையை வேரோடு வெட்டிக் கரையில் எறிந்துகொண்டிருந்தாள். வெள்ளைத் துப்பட்டியை இடுப்பில் செருகியிருந்தாள். இத்தா முந்தின நாள்தான் முடிந்திருந்தது. ஆண்கள் வாய்க்கால் பக்கமே வராத நாள் இது ஒன்றுதான் என்று இறங்கியிருக்கிறாள். காலடிச் சத்தம் கேட்டுத் துப்பட்டியைத் தலைக்கு இழுத்தவள், வந்தது யார் என்று பார்த்துக்கொண்டாள். அவரும் பார்த்தார். கோயில் மணி அடித்தது. போய்விட்டார்.

திரும்பி வரும்போது பார்த்தார். பங்கு துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. திங்கட்கிழமை விடியுமுன் மடை திறந்தார்கள். எல்லாம் தண்ணீருக்குள் போயிற்று.

அதுவரை எல்லா வயலுக்கும் தண்ணீர் போயிற்று. நடவு முடிந்து பயிர் பச்சை கட்டிய ஆடி முதல் வாரத்தில் பங்குக் கணக்குப் பார்க்க ஓவர்சியர் மறுபடி வந்தார். மடையருகே கமிட்டி கூடியது. ஆசியா உம்மாள் எட்டி, மரத்துக்குப் பின்னால் முகம் திருப்பி நின்றாள்.

"பங்கு வெட்டாதது ஒரே வீடுதான். என்ன சொல்கிறீர்கள்?" என்றார் ஓவர்சியர்.

"நான் வெட்டிட்டேன் ஐயா. தண்ணி விடுததுக்கு முந்தி வெட்டிட்டேன்" என்றாள் அவள்.

"சனிக்கிழம சாயந்தரம் கோர நின்னுச்சு. நாங்க எல்லாரும் பாத்தோம்" என்றார் மாடக்கண்ணு. "தண்ணி அடிச்சிட்டுப் போயிருக்கும்."

"நீ வெட்டியதை யாராவது பார்த்தார்களா?"

"பாத்தவுக சொல்லுவாக" என்றாள். பெயர் சொல்லவில்லை.

ஓவர்சியர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இஸ்ரவேல் மடைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்தேன் என்று சொன்னால் என்றைக்கு என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை செல்லும் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். மாடக்கண்ணு விடுவாரா? அடுத்த வைகாசியில் வேதக்காரர் எல்லாரையும் ஓய்வுநாளில் சேற்றில் இறக்கிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். இது ஒரு பெண்ணின் வயல், அது ஒரு சபையின் ஓய்வுநாள் என்று மனசுக்குள் தராசு பிடித்தார். தராசு பிடித்ததும் அவர், எடைக்கல்லும் அவருடையது. முன்வரிசை இடத்தையும் அதில் சேர்த்து நிறுத்தார் என்பதை மட்டும் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

வாயைத் திறக்கவில்லை. வாமடையை அடைத்தார்கள்.

போகும்போது ஓவர்சியர் ஒரு வார்த்தை சொன்னார். "ஊர் கட்டிய சட்டம், நான் தலையிட மாட்டேன். கமிட்டி சேர்ந்து கேட்டால் திறந்துவிட எனக்கு ஆட்சேபணை இல்லை."

அந்த ஞாயிறு கோயிலில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னார்கள். கூட்டத்தோடு சொல்வதில் ஒரு சௌகரியம் உண்டு, யார் பாவம் எதுவென்று தெரியாது. இஸ்ரவேலுக்கு அன்று அந்தச் சௌகரியம் உதவவில்லை. வீட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார். "உடம்புக்கு என்ன?" என்று பாக்கியவதி கேட்டதற்கு எரிந்து விழுந்தார். பூவரசு வழியை விட்டுவிட்டு ஊரைச் சுற்றித் தன் வயலுக்குப் போனார்.

ஒரு நாள் மாடக்கண்ணுவைத் தேடிப் போய், "அந்த வாமடைய நாம சேர்ந்து கேட்டுத் திறந்துருவமே" என்றார்.

"நீரு கேட்டா நானும் கேக்கேன் வே. எனக்கு என்ன, அந்தப் பிள்ள மேல கோவமா? இப்ப எதுக்குத் திறக்கணும்னு மட்டும் சொல்லும்."

அதைத்தான் சொல்ல முடியவில்லை. பாவம் என்றார், குழந்தை இருக்கிறது என்றார். "அது அன்னைக்கும் இருந்துச்சுல்லா" என்றார் மாடக்கண்ணு. இஸ்ரவேல் திரும்பிவிட்டார்.

ஆடி கடைசி ஞாயிறு. முதல் மணி அடித்ததும் இஸ்ரவேல் கோயில் வேஷ்டியோடு மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். வாசலில் நின்ற பாக்கியவதி, "ஏங்க, இன்னைக்கு என்ன கெழம?" என்றாள். அவர் வாய்க்கால் பக்கம் திரும்பினார்.

கோயிலுக்குப் போகிறவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்க, வாமடையின் களிமண்ணை வெட்டி இழுத்தார். தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அப்போதுதான் நிமிர்ந்து வயலைப் பார்த்தார். பயிர் இல்லை. அறுத்த அடித்தாளும் வெடித்த மண்ணும்தான் கிடந்தன.

சத்தம் கேட்டு ஆசியா உம்மாள் வந்தாள்.

"நேத்து அறுத்துட்டேன் அண்ணாச்சி. நின்னு கருகுததுக்குப் பசுமாடாவது திங்கட்டும்னு."

இஸ்ரவேல் மம்பட்டியை ஊன்றிக்கொண்டார். "நான் பாத்தேம்மா. அன்னைக்கு நீ வெட்டுனத நான் பாத்தேன்."

"எனக்குத் தெரியும்லா. நானுந்தான உங்களப் பாத்தேன். தெரியாதவுகள்ட்டச் சொல்லுங்க."

இஸ்ரவேல் கரையைப் பார்த்துத் திரும்பினார். "அவ பங்க அவ வெட்டிட்டா!" என்று கத்தினார். "ஞாயித்துக்கிழம வெட்டுனா. நான் பாத்தேன். கேட்டப்ப வாய மூடிட்டு நின்னேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பின்னாலேயே வந்து கரையில் நின்ற பாக்கியவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆசியா உம்மாள் அவர் கையிலிருந்து மம்பட்டியை வாங்கினாள். வெட்டிப் போட்ட களிமண்ணை இழுத்து வாமடையை மறுபடி அடைத்தாள்.

"இங்கன வீணாத்தான போவுது. கீழ வயக்காரங்களுக்காவது போய்ச் சேரட்டும்."

மண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள். பிறகு மம்பட்டியை அவரிடமே நீட்டினாள்.

"வார வைகாசியிலயும் எனக்குப் பூவரசடிப் பங்குதானா அண்ணாச்சி? முன்னாலயே தெரிஞ்சா ஒரு ஆள் சொல்லி வச்சிருவேன்."