கடந்த ஏழு நாட்களில்

1

என்னைப் பற்றித்தான் கேட்கிறது இந்தப் பெண். ஆனால் அம்மாவைக் கேட்கிறது. நல்லது, நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

சகாயசெல்வி இப்படி நினைத்ததாக எழுதுவது நான்தான். அவள் என் சித்தி மகள். முப்பத்தாறு வயது, எம்.எஸ்ஸி., பி.எட். போன மாதம் வடமதுரையில் சித்தி வீட்டில் இருந்தபோது, வேலை உள்ளவர், இல்லாதவர் கணக்கெடுக்க அரசாங்கம் அனுப்பிய பெண் ஹாஃபிஸா டேப்லெட்டோடு வந்தாள். கதை அங்கே கிடைத்தது. செல்வியின் மனதுக்குள் நான் போனதே இல்லை. [இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.]

2

கடந்த ஏழு நாட்களில் வேலை தேடியவர், அல்லது கிடைத்தால் போவேன் என்பவர்தான் அரசுக் கணக்கில் வேலையில்லாதவர். இரண்டும் இல்லையென்றால் வீட்டு வேலை என்றோ வேறெதுவோ குறித்துக்கொள்வார்கள்; அந்தக் கணக்கிலேயே அவர் இல்லை. அதாவது ஒருத்தி சலித்துப்போய்க் கைவிட்டால், நாட்டில் வேலையில்லாதவர் ஒருவர் குறைகிறார். ஹாஃபிஸாவிடம் திரும்பக் கேட்டேன். அப்படித்தான் என்றாள்.

3

கடந்த ஏழு நாட்களில் செல்வி வேலை தேடினாளா என்ற கேள்விக்குச் சித்தி ஜெயமேரி முந்திக்கொண்டாள். "தேடாம? வாராவாரம் புதன்கிழமை கோயில்ல சகாயமாதா நவநாள் செபத்துல, வேலை கெடைக்கணும்னு வேண்டுதல் சீட்டெழுதிப் பெட்டியில போடுறாளே."

"அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா," என்றாள் ஹாஃபிஸா.

[முதல் வரைவு இந்தச் சிரிப்போடு முடிந்தது. முடிந்திருக்கலாம்.]

செல்வி சொன்னாள்: "நாலு வருசமா வெறுந்தாளத்தான் மடிச்சுப் போடுறேன்மா."

சித்தியின் முகம்

சித்தி அப்படியே

எழுத வரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பக்கத்துல முட்டி போட்டு நான் யாருக்காகடி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

அந்த நாலு வருடமும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் கேட்டிருக்கிறேன், ஏதாவது கிடைத்ததா என்று. பார்த்துக்கொண்டிருக்கிறேன் அக்கா என்பாள். நான் பலகாரத்தட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

4

ஹாஃபிஸா குரலைத் தாழ்த்தினாள். "தேடலைன்னாலும் பரவாயில்லக்கா. கெடைச்சாப் போவேன்னு சொல்லுங்க. வேலையில்லாதவங்கன்னு போட்டுருவேன்."

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் செல்வி போவேன் என்கிறாள்; சித்தி எழுந்துகொள்கிறாள். மற்றதில் அடுத்த புதன்கிழமைச் சீட்டில் நிஜமாகவே எழுதுகிறாள். இரண்டும் என் ஆசை. உங்களிடமும் ஒன்று இருக்கும். செல்வியிடம் கேட்டுப் பாருங்கள், நானும் கேட்டேன்.

"ஒரு வார்த்தைதானேடி," என்றேன்.

செல்வி என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"வேணாம்க்கா," என்றாள். பிறகு ஹாஃபிஸாவிடம், "வீட்டு வேலைன்னே போட்டுக்கம்மா."